நிக்ஸ் ஓஎஸ்ஸுக்கு மொடியூல் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், தெரிந்தவர் ஒருவர் கொம்யூனிகேஷன் நடத்துகிறார். போட்டோகொப்பி, ஸ்கேன், பிரிண்ட், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் வேலை. கடையில் ஐந்து கொம்பியூட்டர். ஐந்தையும் நான் நிக்ஸ் ஓஎஸ்ஸுக்கு (கொம்பியூட்டர் முழுவதையும் சில ஃபைல்களில் எழுதி, அவற்றிலிருந்து கட்டும் ஒரு லினக்ஸ் வகை) மாற்றிய பிறகு, தங்கள் இடத்திலும் அப்படிச் செய்ய ஆசைப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து மொடியூல் எழுதுவது பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரே சந்தேகத்தை ஆறேழு பேர் கேட்டதும் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெயர்களும் கட்டளைகளும் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன, ஃபைலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

அக்கா, மொடியூல் மொடியூல் எண்டு சொல்றீங்கள், அது வெறும் கொன்ஃபிகரேஷன் ஃபைல்தானே?

ஓம், ஃபைல்தான். இன்ஸ்டோல் செய்தவுடன் கிடைக்கிற கொன்ஃபிகரேஷன் டொட் நிக்ஸும் ஒரு மொடியூல்தான். முழு மொடியூலுக்கு மூன்று பகுதி: வேறு எந்த ஃபைல்களைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் இம்போர்ட்ஸ், மற்றவர்கள் என்னென்ன தீர்மானிக்கலாம் என்று அறிவிக்கும் ஒப்ஷன்ஸ், அந்தத் தீர்மானத்தின்படி என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் கொன்ஃபிக்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், கீழே வருகிற சந்தேகங்களில் பாதி இதை விட்டதால் வந்தவை. மொடியூல் மேலிருந்து கீழே வரிவரியாக ஓடுவதில்லை. கலியாண வீட்டில் ஐந்து பேர் தனித்தனியாகச் சாமான் துண்டு எழுதிக் கொடுப்பார்கள், புறக்கோட்டைக்குப் போகிறவர் ஐந்தையும் ஒரே துண்டாக்கிக்கொண்டுதான் வீட்டிலிருந்து புறப்படுவார். அதேபோல நிக்ஸ் ஓஎஸ் எல்லா மொடியூலும் சொன்னதைச் சேர்த்து ஒன்றாக்கி, அந்த ஒன்றிலிருந்து கொம்பியூட்டரைக் கட்டுகிறது, அதைத்தான் பில்ட் என்கிறோம். எந்தத் துண்டு முதலில் எழுதப்பட்டது என்பது அங்கே முக்கியமே இல்லை.

இதுக்கு நிக்ஸ் மொழியை முழுசாப் படிக்கோணுமா?

தேவையில்லை. பெயருக்கு நேரே மதிப்பு எழுதும் அடைப்பு, சதுர அடைப்புக்குள் வரும் பட்டியல், ஃபங்ஷன், ஒரு மதிப்புக்குப் பெயர் வைத்துப் பாவிக்கும் லெட்-இன், இந்த நாலும் தெரிந்தால் முதல் மொடியூல் எழுதலாம். ஆனால் இந்த மொழி கேட்டால் மட்டும் கணக்குப் பார்க்கும், கேட்காததைத் தொடாது என்பதை மட்டும் தெரிந்து வைத்திருங்கள். எல்கோ டோல்ஸ்ட்ரா என்பவர் 2003இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நிக்ஸைத் தொடங்கினார், 2006இல் அது அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வேடாக வந்தது. மென்பொருள் நிறுவுவதையே ஒரு கணக்காகப் பார்க்கலாம் என்பது அவருடைய எண்ணம். அதே ஆண்டு ஆர்மைன் ஹெமல் என்ற மாணவர் தன் முதுமாணி ஆய்வில் அதை முழு ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் கொண்டுபோனார்.

நேரடியா செட்டிங்ஸை எழுதினா வேலை நடக்குதே, ஒப்ஷன் எல்லாம் எனக்கு எதுக்கு?

ஒரே ஒரு மெஷின் என்றால் தேவையே இல்லை. கொன்ஃபிகரேஷன் டொட் நிக்ஸில் நேரே எழுதுங்கள், நீளமானால் இரண்டு மூன்று ஃபைலாகப் பிரித்து இம்போர்ட்ஸில் போடுங்கள்.

இரண்டாவது மெஷின் வரும்போதுதான் கதை மாறும். முன் மேசையில் ஸ்கேனர் இருக்கிறது, மற்றதில் இல்லை. பெக்கப் ஒன்றில் மட்டும் ஓட வேண்டும், ஆனால் ஃபைல் ஐந்துக்கும் பொது. அப்போது 'என்ன வேண்டும்' என்பதை மெஷினின் ஃபைலிலும் 'எப்படிச் செய்வது' என்பதை மொடியூலிலும் வைத்தால், மெஷினின் ஃபைல் நாலு வரியில் முடிந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு: ஒப்ஷன் என்று அறிவித்த பெயரை யாராவது எழுத்துப் பிழையோடு எழுதினால், அப்படி ஒரு ஒப்ஷன் இல்லை என்று பில்ட் அங்கேயே நின்றுவிடும். சாதாரண கொன்ஃபிக் ஃபைலில் பிழையான வரி பல நேரம் சத்தமில்லாமல் கிடக்கும், நாங்கள் இரண்டு நாள் தேடுவோம்.

சரி, ஒரு உண்மையான மொடியூலைக் காட்டுங்கோ, சின்னதா.

கடையில் ஸ்கேன் செய்வதெல்லாம் ஒரு ஃபோல்டரில் விழும், ஒவ்வொரு நாளும் மாலை 6 மணிக்கு அது வெளி டிஸ்க்குக்குப் போக வேண்டும். மொடியூலுக்கு மாலைபெக்கப் என்று பெயர் வைத்தேன். மேலே கொன்ஃபிக் (எல்லா மொடியூலும் சேர்ந்த முடிவு), லிப் (எம்கே என்று தொடங்கும் உதவி ஃபங்ஷன்கள் இருக்கும் இடம்), பீகேஜீஎஸ் (மென்பொருள் பொதிகள்) மூன்றையும் வாங்கும் ஃபங்ஷன். ஒப்ஷன்ஸ் பகுதியில் மூன்று: எம்கேஎனேபிள்ஒப்ஷன் போட்ட எனேபிள், இதன் டிஃபோல்ட் தானாகவே ஃபோல்ஸ், எம்கேஒப்ஷன் போட்டு, எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் ஃபோல்டர், எப்போது என்று சொல்லும் நேரம். ஃபோல்டருக்கு நான் டிஃபோல்ட் கொடுக்கவில்லை, மறந்தால் பில்ட் நிற்கட்டும் என்றுதான். கொன்ஃபிக் பகுதி முழுவதும் எம்கேஇஃப் என்பதற்குள், எனேபிள் என்றால் மட்டும் என்ற நிபந்தனையோடு: ஃபைல்களைக் கொப்பி செய்யும் ஆர்சிங்கை ஓட்டும் ஒரு சிஸ்டம்டி சேர்விஸ் (சிஸ்டம்டி என்பது லினக்ஸில் பின்னணி வேலைகளை எழுப்பி நிறுத்துவது), அதை எழுப்பும் ஒரு டைமர். மொத்தம் முப்பது வரி வராது.

ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்குகிறார்கள். ஒப்ஷன்ஸ் என்று எழுதாத மொடியூலில் செட்டிங்ஸை வெளியிலேயே போடலாம், நிக்ஸ் ஓஎஸ் அதைக் கொன்ஃபிக் என்றே எடுத்துக்கொள்ளும். ஒப்ஷன்ஸ் என்று ஒன்றைச் சேர்த்த அந்த நிமிடத்திலிருந்து, மற்ற எல்லாவற்றையும் கொன்ஃபிக் என்பதற்குள் நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் 'அன்சப்போர்டட் அட்ரிபியூட்' என்று எரர் வரும்.

இஃப் போட்டுத்தான் எழுதினன், இன்ஃபினிட் ரிக்கர்ஷன் எண்டு பெரிய எரர் வருது. எம்கேஇஃப் ஏன், சும்மா இஃப் காணாதா?

காணாது. கொன்ஃபிக் முழுவதையும் சாதாரண இஃபுக்குள் வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உங்கள் மொடியூல் எதைப் பற்றியெல்லாம் பேசுகிறது என்று நிக்ஸ் ஓஎஸ் கேட்கிறது. அதைச் சொல்ல எனேபிள் உண்மையா என்று தெரிய வேண்டும். அது தெரிய எல்லா மொடியூலையும் சேர்த்த கடைசித் துண்டு வேண்டும். அந்தத் துண்டு வர உங்கள் மொடியூல் எதைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிய வேண்டும். வட்டம் மூடிவிட்டது.

எம்கேஇஃப் அந்த நிபந்தனையை வெளியில் வைக்காமல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் தள்ளிவிடுகிறது. அப்போது 'நான் சேர்விஸ் பற்றியும் டைமர் பற்றியும் பேசுகிறேன், எனேபிள் என்றால் மட்டும் கணக்கில் எடு' என்று உடனே சொல்ல முடிகிறது. ஒரு தனி மதிப்புக்குள், உதாரணமாக ஒரு எழுத்துச்சரத்தைத் தெரிவதற்கு, சாதாரண இஃப் போடுவதில் தவறே இல்லை. இரண்டு மூன்று எம்கேஇஃப் வேண்டுமென்றால் எம்கேமேர்ஜ் என்பதற்குள் பட்டியலாகப் போடுங்கள்.

அப்ப இம்போர்ட்ஸுக்கும் எம்கேஇஃப் போடலாமா? ஸ்கேனர் இருக்கிற மெஷினுக்கு மட்டும் ஸ்கேனர் ஃபைலைச் சேர்க்கோணும்.

முடியாது, காரணம் முந்தின பதிலில் இருக்கிற அதே வட்டம். யார் யார் துண்டு கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் துண்டுகளைச் சேர்க்கலாம். ஆகவே இம்போர்ட்ஸ் கொன்ஃபிக்கைப் பார்க்கக்கூடாது. பீகேஜீஎஸ்ஸையும் பார்க்கக்கூடாது, ஏனென்றால் அதுவும் கொன்ஃபிக் வழியாகத்தான் வருகிறது.

எல்லா மெஷினிலும் ஃபைலைச் சேர்த்துவிட்டு, உள்ளே எனேபிள் வைத்து, தேவையான மெஷினில் மட்டும் திறப்பதுதான் சரியான வழி. எனேபிள் ஆகாத மொடியூல் கொம்பியூட்டரில் எதையும் வைக்காது. கட்டாயம் மெஷினைப் பார்த்துத்தான் இம்போர்ட் செய்ய வேண்டும் என்றால், வெளியிலிருந்து ஸ்பெஷல்ஆர்க்ஸ் வழியாக அந்தத் தகவலைக் கொடுக்கலாம். ஆனால் அதைக் கேட்டு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு எனேபிளே போதுமாக இருந்தது.

டைப் எண்டு ஒண்டு கேக்குது, எல்லாத்துக்கும் ஸ்ட்ரிங் போட்டா என்ன?

வேலை செய்யும், ஆனால் ஒப்ஷன் எந்த மாதிரி மதிப்பை ஏற்கலாம் என்று பார்க்கும் காவல்காரன்தான் டைப், அவனை வீட்டுக்கு அனுப்பியது போல. போர்ட் எண்ணுக்கு டைப்ஸ் டொட் போர்ட் போட்டால் 0 முதல் 65535 வரைதான் ஏற்கும். இதுவா அதுவா என்று தெரிவதற்கு ஈனம் (enum) என்ற டைப் இருக்கிறது, இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கு நல்ஓர். இரண்டு மொடியூல் எழுதியது எப்படிச் சேரும் என்பதையும் டைப்தான் தீர்மானிக்கிறது: பட்டியல்கள் ஒன்றாகும், லைன்ஸ் வரிவரியாக ஒட்டும், ஸ்ட்ரிங்கில் இரண்டு வேறு மதிப்பு வந்தால் மோதல் என்று நிற்கும்.

ஃபோல்டருக்கு டைப்ஸ் டொட் பாத் போடலாம், ஆனால் மதிப்பை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள், தயவுசெய்து. மேற்கோள் இல்லாமல் எழுதி, பிறகு அதை ஒரு ஸ்கிரிப்ட் சரத்துக்குள் செருகினால், நிக்ஸ் அந்த ஃபோல்டரையே முழுசாக நிக்ஸ் ஸ்டோருக்குள், அதாவது தான் கட்டுவதையெல்லாம் வைக்கும் பொது இடத்துக்குள், கொப்பி செய்துவிடும். ஃப்ளேக் (கொன்ஃபிக்கையும் அது பாவிக்கும் பதிப்புகளையும் சேர்த்துப் பூட்டி வைக்கும் புதிய முறை) பாவித்தால் பொதுவாக எரர் வந்து காப்பாற்றும், பழைய முறையில் சத்தமில்லாமல் நடந்துவிடும். கொம்யூனிகேஷன் ஒன்றின் ஸ்கேன் ஃபோல்டரில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள்: சனங்களின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். ஸ்டோரில் விழுந்ததை அந்த மெஷினில் யாரும் வாசிக்கலாம்.

தங்கச்சி, அப்ப பாஸ்வேர்டை எங்க எழுதுறது? இதுக்குள்ளயே எழுதினா லேசு.

அண்ணா, எழுதவே வேண்டாம். இப்போதுதான் சொன்ன அதே காரணம், மொடியூலில் எழுதுவதெல்லாம் கடைசியில் ஸ்டோருக்குத்தான் போகும். உங்கள் மொடியூலில் பாஸ்வேர்ட் என்ற ஒப்ஷனே வைக்காமல் பாஸ்வேர்ட்ஃபைல் என்று வையுங்கள், அதில் ஃபைல் இருக்கும் இடம் மட்டும் மேற்கோளுக்குள் வரட்டும். அந்த ஃபைலை மெஷினில் கையால் வைக்கலாம், அல்லது இரகசியங்களுக்கென்றே இருக்கும் ஏஜ்நிக்ஸ், சொப்ஸ்-நிக்ஸ் இரண்டில் ஒன்றைப் பாவிக்கலாம். அப்போது பாஸ்வேர்ட் பூட்டிய வடிவத்தில்தான் ஸ்டோரில் இருக்கும், மெஷின் எழும்பும்போது தனி இடத்தில் திறக்கப்படும். சேர்விஸுக்குக் கொடுக்க சிஸ்டம்டியின் லோட்கிரெடென்ஷல் நல்லது.

ரெண்டு ஃபைல்ல ரெண்டு விதமா எழுதியிருக்கு, எது வெல்லும்? கடைசியா இம்போர்ட் பண்ணினதா?

இல்லை, வரிசைக்கு இங்கே மதிப்பில்லை என்று முதல் பதிலில் சொன்னேனே. ஒவ்வொரு வரிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு, சிறிய எண் வெல்லும். ஒப்ஷனின் சொந்த டிஃபோல்ட்டுக்கு 1500, எம்கேடிஃபோல்ட் போட்டதற்கு 1000, சும்மா எழுதியதற்கு 100, எம்கேஃபோர்ஸ் போட்டதற்கு 50. ஒரே எண்ணில் இரண்டு வேறு மதிப்பு மோதினால் நிக்ஸ் ஓஎஸ் தானாகத் தெரிவு செய்யாது, இரண்டு ஃபைலின் பெயரையும் காட்டி நின்றுவிடும். அது நல்லதுதான். பொது மொடியூலில் எழுதுவதற்கு எம்கேடிஃபோல்ட் போடுங்கள், மெஷினின் ஃபைலில் சும்மா எழுதுங்கள், எம்கேஃபோர்ஸை அபூர்வமாக வையுங்கள்.

பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது, நானே அதில் விழுந்தேன். ஃபயர்வோலில் திறக்க வேண்டிய போர்ட்டாக 631ஐ, பிரிண்டருக்காக, பொது மொடியூலில் எம்கேடிஃபோல்ட் போட்டு எழுதினேன். பட்டியல்தானே, சேரும் என்று நினைத்தேன். முன் மேசை மெஷினின் ஃபைலில் 22 என்று சும்மா எழுதியதும் 631 காணாமல் போனது, மற்ற மெஷின்களிலிருந்து பிரிண்ட் வரவில்லை. முன்னுரிமை குறைந்தவை முதலில் கழிக்கப்பட்டு, மிஞ்சியவைதான் சேர்க்கப்படுகின்றன. பட்டியலில் சேர வேண்டியதை எம்கேடிஃபோல்ட் இல்லாமல் எழுதுங்கள். முன்னே வர வேண்டும் பின்னே வர வேண்டும் என்றால் எம்கேபிஃபோர், எம்கேஆஃப்டர் என்று வேறு இரண்டு இருக்கின்றன, அவை வெற்றி தோல்வி பற்றியவை அல்ல.

பெக்கப் 6 மணிக்கு எண்டு போட்டன், ஓடவே இல்லை. மொடியூல் பிழையா?

எனக்கும் இதே நடந்தது, இரண்டு கிழமை தெரியாமலே இருந்தேன். முதலில் தனி டைமர் எழுதாமல் சேர்விஸில் ஸ்டார்ட்அட் என்று 18:00 கொடுத்திருந்தேன், எரர் எதுவும் இல்லை. கடைசியில் சிஸ்டம்சீடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் அடித்துப் பார்த்தால் அடுத்த ஓட்டம் 18:00 யூடிசி என்று நின்றது. டைம்சோன் எழுதாவிட்டால் நிக்ஸ் ஓஎஸ் யூடிசியில் ஓடும். யூடிசி 18:00 கொழும்பில் இரவு 11:30, அந்த நேரம் கடை பூட்டி மெயின் சுவிட்சும் இறக்கியாகிவிடும்.

டைம் டொட் டைம்சோன் என்பதில் ஏசியா/கொழும்பு என்று பொது மொடியூலில் எம்கேடிஃபோல்ட் போட்டு எழுதுங்கள். மணிக்கணக்கைக் கையால் கழித்து 12:30 என்று எழுதும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். எங்கள் நாட்டில் 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டால் நேரத்தை இரண்டு தடவை மாற்றினார்கள், 2006 ஏப்ரலில்தான் திரும்ப 5:30க்கு வந்தது. ஊர்ப் பெயரை எழுதினால் அந்த வரலாறு முழுவதும் கொம்பியூட்டருக்குத் தெரியும்.

டைம்சோன் சரியானாலும் 6 மணிக்குக் கரண்ட் இல்லாவிட்டால்? ஸ்டார்ட்அட் சுருக்கு வழி, அது தவறிய ஓட்டத்தை நினைவில் வைக்காது. டைமரைத் தனியாக எழுதி ஒன்கலண்டரோடு பேர்சிஸ்டென்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். மெஷின் அணைந்திருந்தபோது தவறியதை அடுத்த முறை எழும்பியதும் ஒரு தடவை ஓட்டிவிடும். இந்த ஊருக்கு அந்த ஒரு வரி கட்டாயம்.

ரீபில்ட் ஓடேக்க கரண்ட் போனா மெஷின் செத்திடுமா?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை வெட்டினார்களே, அந்தக் காலத்தை நினைத்துத்தான் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். புதியது முழுவதும் பழையதைத் தொடாமல் ஸ்டோரில் பக்கத்தில் கட்டப்படுகிறது, கட்டி முடிந்த பிறகுதான் ஒரு சுட்டி புதியதுக்குத் திருப்பப்படுகிறது. பாதியில் போனால் பழையதிலேயே எழும்பும். பூட் மெனுவிலும் முந்தின தலைமுறைகள் வரிசையாக இருக்கும். திடீரென்று போனதில் ஸ்டோரில் ஏதாவது ஃபைல் பழுதாகியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நிக்ஸ்-ஸ்டோர் வெரிஃபை, செக்-கொன்டென்ட்ஸ், ரிப்பெயார் மூன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். ஆனால் தரவுத்தளம், ஸ்கேன் செய்த ஃபைல் போன்றவை பின்னால் போகாது. அதற்குத்தான் பெக்கப்.

ஃபைல் கண்ணுக்கு முன்னால இருக்கு, இல்லை எண்டு சொல்லுது!

ஃப்ளேக் பாவிக்கிறீர்களா? கிட் அட் செய்யுங்கள் (கிட் என்பது ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்). கிட்டுக்குத் தெரியாத ஃபைல் ஃப்ளேக்குக்கும் தெரியாது. கொமிட் தேவையில்லை, அட் போதும்.

கடை மெஷின்ல பரிசோதிச்சுப் பாக்கப் பயமா இருக்கு.

பயப்படுவது சரிதான், ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரம் அதில் கை வைக்கக்கூடாது. நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் பில்ட்-விஎம் என்று வீட்டு மெஷினில் அடித்தால், அந்தக் கொன்ஃபிக்கோடு ஒரு மெய்நிகர் மெஷினை ஓட்டும் ஸ்கிரிப்ட் ஒன்று கிடைக்கும். உங்கள் பயனர் கணக்குகளின் பாஸ்வேர்ட் அங்கே இருக்காது, ஆகவே பரிசோதனைக்கு மட்டும் இனிஷியல்பாஸ்வேர்ட் கொடுங்கள். கொடுத்தும் உள்ளே போக முடியவில்லை என்றால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் மெஷின் பெயரோடு ஒரு கியூகவ்2 ஃபைல் இருக்கும், அது முந்தின தடவையின் டிஸ்க். அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

மொடியூல் வளர்ந்தால் நிக்ஸ் ஓஎஸ் டெஸ்ட் எழுதலாம். ஒன்றிரண்டு மெய்நிகர் மெஷினை எழுப்பி, சேர்விஸ் எழும்பியதா, போர்ட் திறந்ததா என்று பைத்தனில் கேட்கலாம். மேலே சொன்ன 631 கதைக்குப் பிறகு நான் எழுதிய முதல் டெஸ்ட் ஒரு மெஷினிலிருந்து மற்றதன் 631ஐத் தட்டிப் பார்ப்பது.

ஒரு ஃபோல்டர் இல்லை, மூண்டு ஃபோல்டர், மூண்டு நேரம். மொடியூலை மூண்டு தரம் கொப்பி பண்ணவா?

வேண்டாம். ஃபோல்டர், நேரம் இரண்டையும் ஒரு சப்மொடியூலுக்குள் (மொடியூலுக்குள் வரும் சின்ன மொடியூல்) வைத்து, டைப்பை அட்ரஸ்-ஒஃப் (attrsOf) சப்மொடியூல் ஆக்குங்கள். பிறகு மெஷினின் ஃபைலில் ஸ்கேன் என்று ஒரு பெயர், படிவம் என்று இன்னொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் அதன் ஃபோல்டரும் நேரமும். கொன்ஃபிக் பகுதியில் மெப்அட்ரஸ் (mapAttrs) ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சேர்விஸும் டைமரும் உண்டாக்கும். நிக்ஸ் ஓஎஸ்ஸின் பயனர் கணக்குகளும் சிஸ்டம்டி சேர்விஸ்களும் இதே விதமாகத்தான் அறிவிக்கப்பட்டிருக்கின்றன, அந்த ஃபைல்களைத் திறந்து வாசியுங்கள், அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இரண்டு வேலைக்கு ஒரே ஃபோல்டரைக் கொடுத்துவிட்டால் டைப் அதைப் பிடிக்காது. அசேர்ஷன்ஸ் என்ற பட்டியலில் நிபந்தனையும், அது பொய்யானால் காட்ட வேண்டிய செய்தியும் எழுதுங்கள், பில்ட் உங்கள் வசனத்தோடு நிற்கும். அந்தச் செய்தியை ஆறு மாதம் கழித்து இரவு 9 மணிக்குக் களைத்துப்போய் வாசிக்கப்போகிற ஆளை நினைத்து எழுதுங்கள், எந்த ஒப்ஷன், என்ன செய்ய வேண்டும் என்று.

ஒப்ஷன் பேரை இப்ப மாத்தினா மத்தவைக்கு உடையுமே?

எம்கேரினேம்ட்ஒப்ஷன்மொடியூல் இருக்கிறது. பழைய பெயரையும் புதிய பெயரையும் கொடுத்து இம்போர்ட்ஸில் போட்டால் பழையதை எழுதியவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் வரும், வேலை நடக்கும். தமிழ் எழுத்துருவுக்காக ஃபொன்ட்ஸ் டொட் ஃபொன்ட்ஸ் என்று எழுதி வைத்திருந்தவர்கள் நிக்ஸ் ஓஎஸ் 23.11 பதிப்பில் அதைப் பார்த்திருப்பார்கள், அது ஃபொன்ட்ஸ் டொட் பக்கேஜஸ் ஆனது. ஒப்ஷனை முழுசாக எடுத்துவிட்டால் எம்கேரிமூவ்ட்ஒப்ஷன்மொடியூல் போட்டு, பதிலுக்கு எதைப் பாவிப்பது என்று எழுதுங்கள்.

நிக்ஸ் ஓஎஸ்ஸில ஏற்கெனவே இருக்கிற மொடியூல் எனக்குச் சரிவரேல்ல. அதைத் திருத்தேலுமா?

முதலில் திருத்தாமல் பாருங்கள். 10,000க்கும் மேற்பட்ட ஒப்ஷன்கள் இருக்கின்றன, உங்களுக்கு வேண்டியது வேறு பெயரில் இருக்கலாம். பல சேர்விஸ்களில் செட்டிங்ஸ் என்று ஒரு திறந்த ஒப்ஷன் உண்டு, மொடியூல் எழுதியவர் நினைக்காததையும் அதில் எழுதலாம். சேர்விஸின் ஒரு வரிதான் பிரச்சினை என்றால், அந்த ஒரு வரிக்கு மட்டும் எம்கேஃபோர்ஸ். பட்டியலுக்கு எம்கேஃபோர்ஸ் போட்டால் மற்றவர்கள் சேர்த்ததெல்லாம் போய்விடும் என்பது 631 பதிலில் இருந்து புரிந்திருக்கும்.

அதுவும் சரிவராவிட்டால் டிசேபிள்ட்மொடியூல்ஸ் என்பதில் அந்த மொடியூலின் பாதையை எழுதி, அதைக் கொப்பி செய்து திருத்திய உங்கள் ஃபைலை இம்போர்ட் செய்யலாம். ஒப்ஷன் பெயர்களை மாற்றாதீர்கள், வேறு மொடியூல்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். நிக்ஸ் ஓஎஸ் ஒவ்வொரு மே மாதமும் நவம்பர் மாதமும் புதிதாக வரும்போது மூல ஃபைலில் என்ன மாறியது என்று நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். நான் பிரிண்டர் மொடியூலை இப்படி ஒரு வருடம் வைத்திருந்தேன், பிறகு எனக்கு வேண்டியது ஒரே ஒரு எம்கேஃபோர்ஸ்தான் என்று தெரிந்து கொப்பியை அழித்துவிட்டேன்.